இறுகிப்போன பாதத்துக்குச் சப்பாத்து: எங்கே உயர்த்துவது, எங்கே நிரப்புவது?

உப்புவெளிக்காரி:

அம்மாவுக்கு 61 வயது. சின்ன வயசில வந்த போலியோவால வலது கால் மெலிஞ்சு போனது. இப்ப நிலை இதுதான்:

நிமிர்ந்து நிக்கேக்க வலது குதி நிலத்தில படாது, 3 சென்ரிமீற்றர் மேல நிக்குது. பாதம் உள்பக்கமாத் திரும்பி, பாரம் முழுக்க வெளி ஓரத்தில இறங்குது. சின்ன விரலின் அடியிலயும், வெளி ஓரத்தின் நடுவில துருத்துற எலும்பிலயும் தடிச்ச காய்ப்பு. கையால திருப்பிப் பாத்தா பாதம் அசையவே இல்லை. குதிக்குக் கீழ 3 செ.மீ. உயரத்துக்குப் புத்தகம் வைச்ச பிறகும் இடுப்பின் வலது பக்கம் 1.5 செ.மீ. பதிஞ்சுதான் நிக்குது.

இடது காலில வேற பிரச்சினை. பெருவிரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்ஞ்சு, இரண்டாம் விரல் அதுக்கு மேல ஏறிக் கிடக்கு. பெருவிரல் அடியில பக்கவாட்டுப் புடைப்பு. ரெண்டு காலிலயும் உணர்ச்சி நல்லா இருக்கு, சீனி வருத்தம் இல்லை.

கடை அளவில வலதுக்கு 4, இடதுக்கு 6. ஆனா ரெண்டுக்கும் 7 வாங்கி, வலதுக்குள்ள பஞ்சு வைச்சுப் போடுறா. ரெண்டு மாதத்தில வலது அடி வெளிப்பக்கம் தேய்ஞ்சு சாய்ஞ்சிடுது, கணுக்கால் மடங்கப் பாக்குது.

வெளிப்பக்கத்தில ஆப்பு வைச்சா கால் நேராகும் எண்டு ஒருத்தர் சொல்றார். சரியோ? எவ்வளவு உயர்த்த வேணும், உள்ளுக்கோ வெளியிலயோ? சப்பாத்துத் தைக்கிறவரிட்ட என்னென்ன அளவு குடுக்க வேணும்? வீட்டுக்குள்ளயும் கோயிலிலயும் வெறுங்கால்தான், அதுக்கும் ஏதும் வழி இருந்தா சொல்லுங்கோ.


அச்சுப்பட்டறை:

தங்கச்சி, அளவெல்லாம் எடுத்துத்தான் கேட்டிருக்கிறீங்கள், அதால நேரடியாவே சொல்லலாம். முதல் அந்த ஆப்பு. அதை வைக்க விடாதேங்கோ.

கையால திருப்பினா நேராகிற பாதமும், எவ்வளவு திருப்பினாலும் அசையாத பாதமும் பாக்க ஒண்டுபோலத்தான் இருக்கும். சப்பாத்தில செய்யிற வேலை ரெண்டுக்கும் நேரெதிர். அசையிற பாதத்துக்கு வெளி ஓரத்தில ஆப்பு வைச்சா அது பாதத்தை உள்பக்கம் சாய்ச்சு நேராக்கும். இறுகின பாதத்துக்கு அதே ஆப்பை வைச்சா, ஏற்கெனவே முழுப் பாரமும் தாங்கிக்கொண்டிருக்கிற ஓரத்தை நிலம் இன்னும் மேல தள்ளும். பாதம் திரும்பாது. காய்ப்பு வெடிச்சுப் புண்ணாகும், திருகல் முழங்காலுக்குப் போகும். அம்மாவுக்கு வேண்டியது மற்றப் பக்கம். நிலத்தை விட்டு எழும்பி நிக்கிற உள் ஓரத்துக்குக் கீழ உள்ள வெளியை நிரப்ப வேணும், குதிக்குக் கீழ உள்ள வெளியையும் நிரப்ப வேணும். காலை நிலத்துக்கு வளைக்கேலாது, நிலத்தை எழுப்பிக் காலிட்டக் கொண்டுவரலாம். வளைவு அப்பிடியேதான் இருக்கும். ஆனா ரெண்டு எலும்பில நிண்ட பாரம் பாதம் முழுக்கப் பரவும்.

உண்மையா இறுகித்தான் இருக்கோ எண்டு இன்னொருக்காப் பாருங்கோ. கதிரையில இருத்தி, முழங்காலை மடக்கி, ஒரு கையால கணுக்காலுக்கு மேல பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால குதி எலும்பைக் கவ்வி மெதுவா வெளிப்பக்கம் திருப்புங்கோ. விரலைப் பிடிச்சுத் திருப்பினா முன்பாதம்தான் திரும்பும், அது கணக்கில்லை. பிறகு குதி கீழ இறங்குதோ எண்டு முழங்காலை மடக்கியும் நீட்டியும் பாருங்கோ. மடக்கேக்க இறங்கி நீட்டேக்க ஏறினா கெண்டைக்கால் தசை இறுக்கம். அப்பிடியெண்டா பிசியோதெரபி ஆக்களிட்டக் காட்டாமல் உயரத்தை முடிவு செய்யாதேங்கோ.

உயரக் கணக்கு. வெறுங்காலில வலது குதிக்கு வேண்டியது 30 மி.மீ. நிரப்பு, அதோட இடுப்பை மட்டமாக்க 15 மி.மீ., மொத்தம் 45. இதில 10 மி.மீ. கழிக்க வேணும். போலியோக் காலை முன்னுக்கு எடுத்து வைக்கேக்க கணுக்கால் மேல மடங்காது. காலை முழுசாச் சமப்படுத்தினா விரல் நுனி நிலத்தில தட்டி முகங்குப்புற விழுவா. மிச்சம் 35. இடது சப்பாத்தின் குதி உயரத்தைக் கூட்டுங்கோ, 20 மி.மீ. எண்டு வைப்பம். ஆகவே வலது குதிக்குக் கீழ மொத்தம் 55. முன்பாதத்துக்குக் கீழ 55இல் இருந்து 30 போக 25. இந்த 55, 25 எண்டது பாதத்தின் தோலுக்கும் நிலத்துக்கும் இடையில உள்ள எல்லாத்தையும் சேர்த்து, இன்சோல் உட்பட. ஹீலின் உயரம் எண்டு நினைச்சு இன்சோலைத் தனியாக் கூட்டினா 8, 10 மி.மீ. பிழைச்சுப் போகும்.

இடது சப்பாத்தை மாத்தினா இந்தக் கணக்கு முழுக்க மாறும் எண்டதையும் மறக்க வேண்டாம். 10 மி.மீ. தட்டைச் செருப்பை இடதுக்குப் போட்டுக்கொண்டு வலதுக்கு இந்தச் சப்பாத்தைப் போடக் கூடாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. அம்மா நடக்கேக்க வலது தொடையைக் கையால அழுத்திக்கொண்டு நடக்கிறவவோ? அப்பிடியெண்டா முன்தொடைத் தசை பலவீனம். அந்த ஆக்களுக்குத் தூக்கின குதிதான் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டி வைச்சிருக்கு. குதியை முழுக்க நிரப்பினா பூட்டு விட்டு முழங்கால் முன்னுக்கு மடியும். அவவுக்கு 30ஐ 20, 22 ஆக்கி, படியில ஏறி இறங்க வைச்சுப் பாத்துத்தான் கூட்ட வேணும். இந்தச் சோதனையைச் செய்யாமல் உயரம் குடுக்கிறதாலதான் புதுச் சப்பாத்தோட முதல் கிழமையிலேயே விழுகினம்.

உள்ளுக்கோ வெளியிலயோ எண்டு கேட்டீங்கள். சாதாரணச் சப்பாத்துக்குள்ள குதிப்பக்கம் 10 மி.மீ. தான் எல்லை. அதுக்கு மேல போனா குதி பின்கூட்டை விட்டு எழும்பிக் கழண்டு போகும். கணுக்காலுக்கு மேல வாற பூட்ஸ், அதுவும் அவவின் காலச்சில செய்தது எண்டா 20 வரைக்கும் உள்ள போகலாம். மிச்சம் வெளி அடியில.

இடுப்புக்கான பங்கை ஒரேயடியாக் குடுக்காதேங்கோ. அம்பது வருசமாச் சரிஞ்சு பழகின முதுகு அது. 5 மி.மீ. ஆக, ரெண்டு மூண்டு கிழமைக்கு ஒருக்காக் கூட்டுங்கோ. நாரி நோ வந்தா அதே உயரத்தில நிப்பாட்டி வையுங்கோ.

1993க்குப் பிறகு இலங்கையில போலியோ நோயாளி பதிவாகேல்லை. நல்ல விசயம். ஆனா அந்தக் கால்களைப் பாத்துப் பழகின கைகளும் குறைஞ்சுகொண்டு வருது. அதால இந்தக் கணக்கை நீங்களே ஒரு கொப்பியில எழுதி வைச்சுக்கொண்டு போங்கோ.


தோலும்_நூலும்:

அளவு எடுக்கிறதும் அடி கட்டுறதும் நான் எழுதுறன்.

பின்னேரம் எடுங்கோ, காலையில எடுத்த அளவு பின்னேரம் இறுக்கும். தடிச்ச மட்டையில ரெண்டு காலிலயும் சமமாப் பாரம் போட்டு நிக்க வைக்க வேணும். வலது குதிக்குக் கீழ 30 மி.மீ. பலகைத் துண்டு வைச்சுத்தான் கோடு கீற வேணும். இல்லாட்டிப் பாதம் வேற வடிவத்தில நிக்கும். பேனை செங்குத்தா நிக்க வேணும். உள்பக்கம் சாய்ச்சா வளைவுக்குக் கீழ பூந்து 5 மி.மீ. குறைஞ்சு போகும், சப்பாத்து அந்த இடத்தில வெட்டும். கோட்டில பெருவிரலடி, சின்ன விரலடி, வெளி ஓரத்து எலும்பு, மூண்டையும் குறிச்சு வையுங்கோ. விரலடி எண்டு நான் சொல்றது விரல்கள் பாதத்தோட சேருற இடத்தில கீழ கைக்குத் தட்டுப்படுற எலும்பு முனைகளை.

சுற்றளவு நாலு இடத்தில: விரலடிகளைச் சுத்தி, மேல்பாதத்தின் உயர்ந்த இடத்தில, குதியில இருந்து கணுக்கால் மடிப்பு வரைக்கும் சரிவா, கணுக்காலுக்கு மேல 5 செ.மீ. உயரத்தில. இடது காலுக்கு இன்னொரு அளவு கட்டாயம், மேல ஏறின விரலின் உச்சி நிலத்தில இருந்து எவ்வளவு உயரம். அதோட 6 மி.மீ. கூட்டினதுதான் முன்பக்கத்தின் உள் உயரம். நம்பர் கூட்டி வாங்கிறதால இந்த உயரம் வராது. ஒரு நம்பருக்கு நீளம் கிட்டத்தட்ட 8.5 மி.மீ. கூடும். 4 நம்பர்க் காலுக்கு 7 போட்டா 25 மி.மீ. வெறும் நீளம், சப்பாத்தின் அகலமான இடம் விரலடிக்கு முன்னால போய் நிக்கும். கால் உள்ளுக்குச் சறுக்கும், மடிய வேண்டிய இடத்தில மடியாது. பஞ்சு அதைத் தீர்க்காது. நடக்க நடக்க உருண்டு கட்டியாகி அதுவே ஒரு கல்லாகும். நீளத்தில மிகை 10 முதல் 12 மி.மீ., அதாவது நீண்ட விரலுக்கு முன்னால ஒரு பெருவிரல் அகலம். அதுக்கு மேல வேண்டாம்.

வலது காலுக்கு மட்டைக்கோடு மட்டும் காணாது, பிளாஸ்ரர் அச்சு எடுக்க வேணும். காலில மெல்லிய பொலித்தீன் சுத்தி, முன்பக்கம் நெடுக்க ஒரு றப்பர்க் குழாய் வைச்சு (பிறகு அதின் மேலதான் வெட்டுறது), 15 செ.மீ. அகலப் பிளாஸ்ரர்ப் பட்டி ரெண்டு உருளை, நாலு படை. இறுகும் வரைக்கும் குதி 30 மி.மீ. பலகையிலயே நிக்க வேணும், பாதத்தை நேராக்கப் பிடிச்சு அழுத்தக் கூடாது. அது இல்லாத காலுக்கு அச்சு எடுக்கிறது. கழட்டி, பிளாஸ்ரர்க் கூழ் ஊத்தி நிரப்பினா அச்சுக்கட்டை வரும். துருத்துற எலும்புகளுக்கு மேல 3 முதல் 5 மி.மீ. பிளாஸ்ரர் பூசி ஏத்துங்கோ, நுனியில 12 மி.மீ. நீட்டுங்கோ. காய்ப்பு எங்க எண்டு உதட்டுச் சாயத்தால காலில குறிச்சிட்டு எடுத்தா அடையாளம் அச்சின் உள்பக்கத்தில பதியும்.

இன்சோல் ரெண்டு படை. மேல 6 மி.மீ. மெத்தென்ற ஈ.வி.ஏ. எண்ட நுரைத் தட்டு (ஷோர் 25, 30; ஷோர் எண்டது கடினத்தைக் காட்டுற எண், கூடக் கூடக் கடினம்), கீழ நிரப்புக்கு ஷோர் 45, 50. கீழ் படையும் மெத்தென்டு இருந்தா ஒரு மாதத்தில நசிஞ்சு, கால் பழையபடி வெளிப்பக்கம் சாயும். காய்ப்புக்குக் கீழ ஓட்டை வெட்டாதேங்கோ. ஓட்டையின் விளிம்பு வட்டமா வெட்டும், தசை ஓட்டைக்குள்ள தொங்கி வீங்கும். கீழ் படையில 3, 4 மி.மீ. ஆழத்துக்குக் கிண்ணம் மாதிரிக் குழி, விளிம்பு சரிவாத் தேய்ச்சது, மேல் படை அதை மூடிப் போக வேணும்.

வெளி அடி உயர்த்திறதுக்கு மரமும் கட்டி றப்பரும் வேண்டாம். மெலிஞ்ச கால் அதைத் தூக்க வேணுமே. ஈ.வி.ஏ. தட்டை அடுக்கி ஒட்டுறதுதான் முறை. அடிச்சோலை உரிச்செடுத்து, இடையில தட்டுகளை வைச்சு, அதே அடிச்சோலைத் திரும்பக் கீழ ஒட்டுங்கோ. ஒவ்வொரு முகத்தையும் பளபளப்புப் போக உரோஞ்ச வேணும். ரெண்டு பக்கமும் மஞ்சள் கம் பூசி, விரலில ஒட்டாத அளவுக்குக் காய விட்டு (வெயில் நாளில 10, 15 நிமிடம், மாரியில கூட), ஒட்டித் தட்டி, 24 மணித்தியாலம் விட வேணும். ஐப்பசி, கார்த்திகை மழையில ஒட்டின அடி கழருறதுக்கு அனேகமாக் காரணம் கம்மின் மேல படிஞ்ச ஈரம்தான்.

வெளி ஓரத்தில அடியை 8 மி.மீ. அகலிச்சு விடுங்கோ, குதியில இருந்து வெளி எலும்பு தாண்டும் வரைக்கும். இது ஆப்பு இல்லை. உயரம் கூடாது, கால் வைக்கிற தளம்தான் அகலும். கணுக்கால் மடங்கிறதை நிப்பாட்டுறது இதுதான். அதோட பின்கூடு கடினமா இருக்க வேணும், வெளிப்பக்கம் கணுக்காலின் கீழ் வரைக்கும் நீட்டிப் போட்டால் இன்னும் நல்லம்.

25 மி.மீ. தடிச்ச முன்னடி மடியாது. அதால விரலடிக் கோட்டுக்கு 5, 10 மி.மீ. பின்னால தொடங்கி நுனி வரைக்கும் தோணியின் அணியம் மாதிரி மேல் வளைச்சுத் தேய்க்க வேணும், நுனி நிலத்தில இருந்து 15 முதல் 20 மி.மீ. எழும்பி நிக்க. விரலடிக்கு முன்னால தொடங்கினா எலும்பு முனையிலயே உருளும், நோ கூடும். நல்லாப் பின்னுக்குப் போனா நிக்கேக்க முன்னுக்கு விழுத்தும்.

எந்தச் சப்பாத்தில செய்யலாம் எண்டா, கீழ தட்டையான, நிரம்பின அடி உள்ளதில. காற்றறை உள்ள அடி, உள்ளுக்குக் குழிவான அடி வேண்டாம். பொலியூரித்தேன் அடியும் வேண்டாம். எங்கட கடற்கரை ஈரத்தில அது போடாமல் வைச்சிருந்தாலும் ரெண்டு மூண்டு வருசத்தில புட்டு மாதிரி உதிரும், ஒட்டின உயரமும் சேர்ந்து கையில வரும். கண்ணி, கொளுக்கி எல்லாம் பித்தளையில போடச் சொல்லுங்கோ. இரும்பு உப்புக்காற்றில துருப்பிடிச்சுத் தோலைத் தின்னும்.

இடது கால் லேசு. மேல் தோல் மெல்லிசா, புடைப்புக்கு மேல தையல் வராம, முன்பக்கம் வட்டமா, உள் உயரம் சொன்ன அளவில. சாய்ஞ்ச பெருவிரலை நேராக்கப் பஞ்சுக்கட்டை செருகாதேங்கோ, அது இரண்டாம் விரலைத்தான் இன்னும் மேல தள்ளும்.


மூதூர்த்துறை:

இதிலயே ஒரு கேள்வி, மன்னிக்கவும். வாப்பாவுக்கு 66 வயது, இருபது வருசமா நீரிழிவு. இடது பாதத்தின் வளைவு இடிஞ்சு, தோணியின் அடி மாதிரிக் கீழ உருண்டிருக்கு. நடுவில இருந்த புண் ரெண்டு மாதத்துக்கு முந்தி ஆறிட்டு. கால் மரத்துப் போனது, நோவே தெரியாது. மேல சொன்ன ஈ.வி.ஏ. முறையில சப்பாத்துச் செய்யலாமா? இப்ப விரலிடைப் பட்டி வைச்ச றப்பர்ச் செருப்புத்தான் போடுறாங்க.


காலடிப்_பராமரிப்பு:

தம்பி, வாப்பாவின் காலும் உப்புவெளி அம்மாவின் காலும் வேறு வேறு. அம்மாவுக்கு நோ தெரியும். எங்கே உரசினாலும் சொல்வார், சப்பாத்தைக் கழற்றுவார். உணர்ச்சி இல்லாத காலுக்கு அந்தக் காவல் இல்லை. ஆகவே தைக்கிறவரிடம் போவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். எலும்பு இடிவது நின்றுவிட்டதா, இன்னும் நடக்கிறதா?

வாப்பாவைக் கால் நீட்டிக் கால் மணித்தியாலம் இருக்க விட்டு, இரண்டு பாதங்களின் ஒரே இடங்களில் வெப்பம் பாருங்கள். தோல் வெப்பம் அளக்கும் கருவியில் 2 பாகை செல்சியசுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, ஒரு பாதம் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தாலோ, சப்பாத்துப் பேச்சை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நோ இல்லை என்பது ஆறுதல் இல்லை. அந்த நிலையில் முழங்காலுக்குக் கீழே பாதம் முழுதும் ஒட்டிய பிளாஸ்ரர் போட்டு, மாதக்கணக்கில் பாரத்தைக் குறைத்துத்தான் எலும்பு இறுகும். சூடாக இருக்கிற பாதத்தில் சப்பாத்துப் போட்டு நடந்தால் மிச்ச எலும்பும் நொறுங்கும்.

இரண்டு பாதமும் ஒரே வெப்பத்தில் இருந்து, எக்ஸ்ரே பார்த்து வைத்தியர் சரி என்று சொன்ன பிறகுதான் சப்பாத்து. அதிலும் சில வித்தியாசங்கள் உண்டு.

இன்சோலுக்கு மேல்படை எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை றப்பர், ஷோர் 15 அளவு, 10 மி.மீ. தடிப்பு. தமிழ்நாட்டில் வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயால் கால் மரத்தவர்களுக்காகச் செய்த வேலையில் பழக்கத்துக்கு வந்த பொருள் இது. போல் பிராண்ட் என்ற வைத்தியரின் பெயர் இதோடு சேர்த்துச் சொல்லப்படும். கடையில் கறுப்பாக இருப்பதெல்லாம் எம்.சி.ஆர். ஆகாது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து நசியுங்கள், தடிப்பில் பாதியாகக் குறைந்து, விட்டதும் திரும்ப எழும்ப வேண்டும். பாதியாக நசியாதது கடினம். எழும்பாதது செத்த றப்பர். அதற்குக் கீழே காலச்சில் வார்த்த ஈ.வி.ஏ. வரும். உருண்ட எலும்புக்குக் கீழே சரிவான குழி, அதைச் சுற்றியுள்ள பகுதி பாரத்தை ஏற்கும்படி நெருக்கமாகப் பொருந்த வேண்டும்.

வெளி அடி மடியவே கூடாது. நடுப்பாதம் மடிந்தால் இடிந்த இடம்தான் மீண்டும் மடியும். கடினமான தட்டு ஒன்றை அடிக்குள் நெடுகப் போட்டு, முன்பக்கம் மேலே வளைத்த அடி. மேலே தோலும்_நூலும் சொன்னதுதான், ஆனால் கட்டாயம்.

விரலிடைப் பட்டிச் செருப்பை இன்றைக்கே நிறுத்துங்கள். மரத்த கால் அதைப் பிடித்துக்கொள்ள விரல்களை மடக்கும், பட்டி விரலிடுக்கை அறுக்கும், செருப்புக் கழன்று போனதே தெரியாமல் நடந்துவிடுவார்கள். பின்பட்டி கட்டாயம். மூடிய சப்பாத்து வரும் வரைக்கும் எம்.சி.ஆர். வைத்த, பின்பட்டியும் அகலமான வெல்க்ரோவும் உள்ள சாண்டல் போதும்.

ஆணி ஒன்றும் அடிக்கக் கூடாது, ஒட்டும் தையலும் மட்டும். இதைத் தைக்கிறவரிடம் வாயால் சொல்லி, கடதாசியிலும் எழுதிக் கொடுங்கள். அடி தேய்ந்து ஆணி மேலே வந்தால் வாப்பாவுக்குத் தெரியாது, இரத்தம் நிலத்தில் பட்ட பிறகுதான் வீட்டில் தெரியும்.

போட முன்னால் கையை உள்ளே விட்டு நுனி வரைக்கும் தடவிப் பார்க்க வேண்டும். கடற்கரைப் பக்கம் நடந்தவர்களுக்கு மணல்தான் பெரிய எதிரி, இன்சோலுக்கும் காலுக்கும் இடையில் அரத்தாள் மாதிரி வேலை செய்யும். காலுறை வெள்ளை நிறம், தையல் வெளிப்பக்கம். கசிவு இருந்தால் வெள்ளையில் தெரியும். இரவில் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குப் போனால் மரத்த காலில் அந்தத் தண்ணீரை ஊற்ற வேண்டாம். வெப்பத்தைக் கை சொல்லும், கால் சொல்லாது.

பழக்குவது இரண்டு பேருக்கும் பொது. முதல் இரண்டு நாள் காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணித்தியாலத்துக்குள் மறைந்தால் அடுத்த நாள் ஒரு மணித்தியாலம் கூட்டலாம். மறையாவிட்டால் அன்றோடு நிறுத்தி, அந்த இடத்தைத் திருத்தாமல் திரும்பப் போட வேண்டாம். "போடப் போட இளகும்" என்ற பேச்சு மரத்த காலுக்குப் பொருந்தாது, இளகுவது தோலாக இருக்காது. வாப்பாவின் புண் ஆறி இரண்டு மாதம்தான் என்றால் அந்த வடு இன்னும் உறுதியாகவில்லை. சப்பாத்து எவ்வளவு நன்றாக அமைந்தாலும் இப்போதைக்கு நீண்ட தூரம் நடக்க விடாதீர்கள்.


உப்புவெளிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. அம்மா தொடையில கை வைச்சு நடக்கிறவதான், படியில மட்டும். அந்தக் கேள்வியை இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை.

இன்னும் ரெண்டு விசயம். இதை எங்க செய்விக்கலாம்? வீட்டுக்கும் கோயிலுக்கும் என்ன செய்யிறது?


அச்சுப்பட்டறை:

படியில மட்டும் எண்டாலும் குதி நிரப்பு 20இல தொடங்குங்கோ. முன்னடியை 25இலயே விட்டு, குதிக்கு மொத்தம் 45. பத்து நாள் போட்டு, படியில முழங்கால் மடியாமல் இருந்தா 5 மி.மீ. கூட்டுங்கோ. முழங்கால் நடுங்கினா உயரத்தோட மல்லுக்கட்ட வேண்டாம். கணுக்காலைப் பிடிக்கிற பொலிப்புரொப்பிலீன் கால்தாங்கி ஒண்டு சப்பாத்துக்குள்ள வேணுமோ எண்டு கேக்க வேண்டி வரும். அது வாறதெண்டா சப்பாத்து செய்ய முன்னமே முடிவெடுங்கோ. தாங்கியைப் போட்டுக்கொண்டுதான் சப்பாத்துக்கு அளவெடுக்க வேணும், பிறகு செருக இடம் இருக்காது. வாய் விரல் வரைக்கும் திறக்கிற பூட்ஸா இருந்தால்தான் தாங்கியோட கால் உள்ள போகும்.

இடம்: முதல்ல திருகோணமலை ஆஸ்பத்திரியில காட்டி, கடிதத்தோட போங்கோ. கடிதத்தில "சப்பாத்து" எண்டு மட்டும் எழுதுவிக்காமல், இறுகின வளைவு, குதி உயரம், நீள வித்தியாசம், தாங்கி வேணுமோ இல்லையோ, நாலையும் எழுதச் சொல்லுங்கோ. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில செயற்கைக் கால் மட்டும் இல்லை, தாங்கி வேலையும் நடக்குது. மற்றது றாகம புனர்வாழ்வு ஆஸ்பத்திரி. கொழும்பு ரயில் றாகம வழியாத்தான் போகுது. எங்க போனாலும் பழைய தேய்ஞ்ச சப்பாத்தைக் கையோட கொண்டுபோங்கோ. அடி தேய்ஞ்ச விதத்தைப் பாத்தே கால் எங்க ஊண்டுது எண்டு தெரிஞ்சிடும், கழுவிப்போட்டுக் கொண்டுபோகாதேங்கோ. அச்சு எடுத்தா அந்த அச்சுக்கட்டையைக் கேட்டு வாங்கி வைச்சிருங்கோ. அடுத்த சோடிக்கு, கால் மாறாட்டி, திரும்பப் போக வேண்டியதில்லை.


தோலும்_நூலும்:

வீட்டு விசயம் நான் சொல்றன், ஏனெண்டா இதை ஒருத்தரும் கணக்கில எடுக்கிறதில்லை. குசினிக்கும் கிணத்தடிக்கும் முத்தத்துக்குமா அம்மா ஒரு நாளைக்கு நடக்கிறது தெருவில நடக்கிறதை விடக் கூட. வெளியில போகேக்க மட்டும் உயரச் சப்பாத்து, வீட்டில வெறுங்கால் எண்டா இடுப்பு ஒரு நாளில பத்துத் தரம் ஏறி இறங்கும், காய்ப்பும் கரையாது.

வீட்டுக்கெண்டு ஒரு சோடி சாண்டல் தனியாச் செய்யுங்கோ. உயரம் சப்பாத்தின் அதே உயரம், பின்பட்டி, மேல ரெண்டு வெல்க்ரோ. முழுக்க ஈ.வி.ஏ., கழுவலாம், தண்ணி குடிக்காது. அடியில மட்டும் 4 மி.மீ. கோடு வெட்டின றப்பர் ஒட்டுங்கோ, வெறும் ஈ.வி.ஏ. ஈரச் சீமெந்தில வழுக்கும். அதைத் தெருவுக்குப் போடுறதில்லை எண்டு வீட்டில எல்லாருக்கும் தெரிஞ்சா சாமியறை வாசல் வரைக்கும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்.

கோயிலுக்குத் தோலும் அடியும் இல்லாத ஒண்டு செய்யலாம். தடிச்ச துணியில காலுறை மாதிரித் தைச்சு, குதிக்குக் கீழ 20 மி.மீ. ஈ.வி.ஏ. நிரப்பை உள்பையா வைச்சு மூடித் தைக்கிறது. கீழ வழுக்காத துணி. வெளி நிலத்தில போடாமல், கோயில் வாசலில இருந்து மாத்திக் கொள்ள வேணும். கோணேசர் கோயில் வெளி வீதிக் கல்லு மத்தியானத்தில சுடும், காய்ப்புப் பிடிச்ச கால் அதைத் தாங்காது. காலைப் பூசைக்குப் போறது நல்லம். முதல் தரம் போக முந்தி அங்க ஒருக்காக் கேட்டு வைச்சுக் கொள்ளுங்கோ. முழுத் துணியெண்டா மறுக்கமாட்டினம் எண்டுதான் நினைக்கிறன். உள்ள இடுப்பு உயர வித்தியாசம் மிச்சம் இருக்கும், அதால கையில ஊண்டுதடி இருக்கட்டும்.

பராமரிப்பில ஒண்டு. நனைஞ்ச சப்பாத்தை வெயிலிலயும் அடுப்படியிலயும் காய வைக்காதேங்கோ, தோல் பலகை மாதிரி இறுகும், கம் இளகி அடுக்கு விலகும். இன்சோலை வெளியில எடுத்து, உள்ளுக்குப் பேப்பர் சுருட்டி வைச்சு, நிழலில காத்துப் படுற இடத்தில வையுங்கோ. ரெண்டு சோடி இருந்தா மாத்தி மாத்திப் போடலாம், ஒண்டு காயேக்க மற்றது காலில.

மாதம் ஒருக்கா மேசையில வைச்சுப் பின்னால இருந்து பாருங்கோ. வலது ஹீல் மேசைக்குச் செங்குத்தா நிக்க வேணும். வெளிப்பக்கம் 3 மி.மீ. தேய்ஞ்ச உடனேயே அடித் துண்டை மாத்துங்கோ, 6 வரும் வரைக்கும் விட்டால் மேல் தோலும் அதே பக்கம் இழுபட்டுப் போகும், பிறகு அடி மாத்தியும் நிமிராது. இன்சோலின் மேல் படையை விரலால அழுத்தி, பாரம் படுற இடத்துத் தடிப்பையும் படாத இடத்துத் தடிப்பையும் ஒப்பிடுங்கோ. பாதியாக் குறைஞ்சிருந்தா அந்தப் படையை மட்டும் உரிச்சுப் புதுசு ஒட்டினாக் காணும். மூதூர்த் தம்பியின் வாப்பாவுக்கு இது நாலு, ஆறு மாதத்துக்கு ஒருக்கா வரும், அம்மாவுக்கு அனேகமா ஒரு வருசம்.


மூதூர்த்துறை:

ரெண்டு காலையும் தொட்டுப் பாத்தேன். இடது சூடாத்தான் இருக்கு. கொஞ்சம் வீக்கமும் இருக்கு.


காலடிப்_பராமரிப்பு:

அப்படியென்றால் சப்பாத்து வேலையைத் தொடங்க வேண்டாம். இன்றைக்கே கொண்டுபோங்கள். போகும்போதும் அந்தக் காலை ஊன்ற விடாமல், சக்கர நாற்காலி கேட்டு வாங்கி உள்ளே கொண்டுபோங்கள். நீரிழிவு எத்தனை வருடம், புண் எப்போது ஆறியது, சூடும் வீக்கமும் எப்போது கவனித்தீர்கள், மூன்றையும் எழுதிக் கொடுங்கள். "நோ இல்லை" என்று வாப்பா சொன்னால், கால் மரத்தது என்பதையும் நீங்கள் கூடவே சொல்லுங்கள்.